இரவல் குரலில் எங்கள் அம்மா

தொலைக்காட்சி நாடகத்தில் நடிப்பது என்றால், பகல் முழுக்கக் காத்திருந்துவிட்டு, வெளிச்சம் போகப்போகிற நேரத்தில் அந்தரப்பட்டு அழுவது. இந்தத் தொழிலில் கிடந்து உலைந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உலையாதவர்களும் கவலைப்பட வேண்டாம். எங்கள் நாடகங்களைப் பார்த்த பாவத்துக்கு நீங்களும் எங்கள் ஆட்கள்தான்.

நான் திருகோணமலை நகரில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன். கொழும்பிலிருந்து நாடகம் எடுக்க ஆட்கள் வந்தால் நடிகன். சண்டைக்காலம். எங்கள் இயக்குநருக்குக் கதையில் கடல் வேண்டும். அதனால் நிலைமை கொஞ்சம் தணிகிற மாதமாகப் பார்த்து, கமராவும் கொஞ்ச ஆட்களுமாக வந்து இறங்குவார். தணிவதும் கொதிப்பதும் எங்கள் கையில் இல்லாதபடியால், பாதி நாடகத்தில் ஊரடங்கு வரும், வளைகுடாவைக் கடக்கிற லோஞ்ச் படகு நிற்கும். மூதூரிலிருந்து வரவேண்டிய மேளகாரர் வராவிட்டால், கதையில் மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிடுவார்கள். எங்கள் நாடகங்களில் ஏன் இத்தனை கலியாணம் குழம்புகிறது என்று யோசித்தவர்களுக்கு இதுதான் பதில்.

எனக்கு எப்போதும் மகன் வேடம். உதவாத மகன். முகவெட்டு அப்படி. எனக்கு அம்மா எப்போதும் புஷ்பம் அக்கா. உண்மையில் என்னைவிட அவருக்கு ஏழெட்டு வயதுதான் கூட. பாலையூற்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறவர். வசனத் தாளை மெஷினுக்கு மேலே சுவரில் குத்திவைத்து, மெஷினை மிதித்து மிதித்தே பாடமாக்குவார். படப்பிடிப்பில் பொத்தான் விலையைப் பற்றி என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். இயக்குநர் கையைக் காட்டியதும் கண் மாறிவிடும். கண்ணீர் வரப்பண்ணுகிற மருந்தை ஒருவர் நீட்டியபோது, அதை வாங்கி மணந்துபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர் அவர். பொறாமைப்படக்கூட எனக்கு வாய்ப்பில்லாத அளவுக்குப் பெரிய நடிகை.

அவருடைய வீட்டுக்காரர் பீற்றர் அண்ணை மூதூர் லோஞ்சில் எஞ்சின் ஓட்டினவர். ஒருநாள் இறங்குதுறையில் வெடித்த வெடியில் இரண்டு கண்ணும் போய்விட்டன. அக்கா நடிக்க வந்தது அதற்குப் பிறகுதான். ஊரெல்லாம் பார்த்த நடிப்பை வீட்டுக்குள் இருந்த மனிதர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க ஏலாவிட்டால் என்ன, கேட்கலாம்தானே என்று அக்கா நினைத்திருந்தார். அந்த நினைப்பில்தான் எல்லாக் கரைச்சலும் தொடங்கியது.

ஆள் எங்கே?

எங்கள் முதல் நாடகம் ஒளிபரப்பான பின்னேரம் அக்கா வீட்டு முன்னறையில் அயலட்டை முழுவதும் கூடிவிட்டது. மின்சாரம் இல்லாத நாள்கள் என்பதால் கார் பற்றரியில் ஓடுகிற சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. பீற்றர் அண்ணைக்கு முன்வரிசையில் கதிரை. அன்றைக்கென்று சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நாடகம் தொடங்கியது. திரையில் அக்கா வந்து வாயைத் திறந்தார். வந்த குரல் அக்காவின் குரல் இல்லை.

எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. திருகோணமலையில் எடுத்தால் கடற்படைப் படகு, காகம், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து கதைக்கும். ஆகவே அந்தச் சத்தத்தை வீசிவிட்டு, கொழும்பில் ஒரு கலையகத்தில் படத்தைப் போட்டுப் பார்த்துப் பார்த்துப் புதிதாகக் குரல் கொடுப்பார்கள். டப்பிங். கொழும்புக்குப் போக முடியாத நடிகருக்கு வேறு யாராவது குரல் கொடுப்பார்கள். எங்கள் பெண்களுக்கெல்லாம் கொழும்பில் ஒரே ஒரு பெண்தான் கதைத்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் வெளித்தது. மீன்காரி, தலைமை ஆசிரியை, மணப்பெண், மணப்பெண்ணின் எதிரி எல்லாருக்கும் ஒரே தொண்டை. அதுவும் செய்தி வாசிக்கிற மாதிரித் துப்புரவான தமிழ்.

திரையில் அக்கா அழுதார், மயங்கி விழுந்தார், தண்ணீர் தெளிக்க எழும்பினார், திரும்பவும் அழுதார். அறையில் இருந்தவர்கள் பெட்டியைப் பார்ப்பதா அக்காவைப் பார்ப்பதா என்று தெரியாமல் முழித்தார்கள். பீற்றர் அண்ணை தலையை ஒரு பக்கம் சரித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் பொறுக்க ஏலாமல் அக்கா இருந்த பக்கம் திரும்பிக் கேட்டார்: "புஷ்பம், இந்த மனிசி அழுது முடிய நீ வருவியோ, இல்லாட்டி அடுத்த கிழமையோ?"

ரியூப் வாங்க வந்தவர்

அந்த நாடகத்தில் எனக்கு, பெற்ற தாயை வீட்டை விட்டுத் துரத்துகிற மகன் வேடம். அது ஓடி முடியும் வரைக்கும் கடையில் எனக்கு நல்ல பேர் இல்லை. கிண்ணியாவிலிருந்து நெல் வியாபாரி ஒருவர் சைக்கிள் ரியூப் வாங்க வந்தார். நான் எடுத்து நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. என் முகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொதலாளி இல்லையா? இந்தக் கையால நான் வாங்க மாட்டன்" என்றார். நடிப்பு என்று சொன்னேன். "நடிக்கிறதுக்கும் ஒரு மனம் வேணுமே மகன், எனக்கு வராதே" என்றார்.

நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்துப் புஷ்பம் அக்கா தையல் மெஷினுக்குப் போட எண்ணெய் வாங்க வந்தார். வியாபாரி பதறியெழும்பி, தான் இருந்த கதிரையைத் தூக்கி அவருக்கு வைத்தார். "தம்பி நல்ல பிள்ளை ஐயா, என்னில நல்ல பட்சம்" என்று அக்கா எனக்காகக் கதைத்தார். "நீங்க தாய், அப்படித்தான் சொல்லுவீங்க" என்று அவர் அதையும் ஏற்கவில்லை. அக்கா விடாமல் இன்னும் நாலு வார்த்தை எனக்குச் சார்பாகச் சொல்ல, அந்த மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, உண்மையான கவலையோடு கேட்டார்: "ரீவியில எவ்வளவு வடிவாக் கதைச்சீங்க. இப்ப என்னம்மா, தடிமன் பிடிச்சுத் தொண்டை கட்டிட்டா?"

பாட்டில்லாத கரைவலை

அக்கா அன்றைக்கு எண்ணெய் வாங்காமலே போய்விட்டார். அடுத்த நாடகத்துக்கு இயக்குநர் வந்து இறங்கிய உடனே, கதையைக்கூடக் கேட்காமல் ஒன்றே ஒன்று சொன்னார்: "சேர், நான் நடிக்கிறன். ஆனா என்ட குரல்தான் வர வேணும். என்ட மனிசன் கேக்க வேணும்." இயக்குநர் யோசித்தார். இரண்டு வழிதான் இருக்கிறது என்றார். படம் எடுக்கிற இடத்திலேயே சத்தத்தைச் சுத்தமாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் டப்பிங் நாளில் அக்கா கொழும்பில் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் கொழும்பில் நிற்பது என்றால் இராணுவம் தருகிற பாஸ், பாதை, பரிசோதனை என்று எத்தனை தடை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அக்கா முதல் வழியைப் பிடித்தார். படம் எடுக்கப்போகிற நிலாவெளிக் கடற்கரையை வாய்மூட வைக்கிற வேலையைத் தானே பொறுப்பெடுத்தார்.

காகங்களுக்கு மீன் குடலைத் தூரத்தில் கொட்டி அங்கே குடிபெயர்த்தார். பஸ் நடத்துநரைக் கெஞ்சிப் பிடித்து, அந்த வளைவில் ஹோன் அடிக்காமல் போகச் சம்மதிக்க வைத்தார். மிஞ்சினது கரைவலைக்காரர். இறக்கக்கண்டிப் பக்கத்துச் சம்மாட்டி ஒருவருடைய வலை கடலுக்குள் பாதியில் நின்றது. "நிப்பாட்ட ஏலாது தங்கச்சி, மீன் போயிடும்" என்றார் அவர். "இழுங்கோ அண்ணை, பாடாமல் இழுங்கோ" என்றார் அக்கா. பாடாமல் எப்படி இழுப்பது? கயிற்றைப் பிடித்திருக்கும் அத்தனை பேருடைய காலும் ஒன்றாக விழுவது அந்தப் பாட்டில்தான். பாட்டை நிறுத்தினால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள், வலை கோணும். அக்கா கொஞ்ச நேரம் அவர்களின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் தோளில் கிடந்த சிவப்புத் துவாயை உருவி, "தம்பி, கமராவுக்குப் பின்னால நிண்டு இதை ஆட்டும். அவையள் இதைப் பார்த்து இழுப்பினம்" என்றார்.

நான் ஆட்டினேன். அவ்வளவு சனமும் சத்தமில்லாமல், துவாய் விழ விழக் கால் வைத்து இழுத்தது. அந்தத் துவாய் அக்காவின் கண்ணுக்கு நேரேதான் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, கடலில் கணவனைத் தேடுகிற அந்த நீண்ட வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். என் கை விறைத்துப் போயிருந்தாலும் மயிர்க்கூச்செறிந்ததை நான் மறைக்க மாட்டேன். அந்த நேரம் வலையும் கரைக்கு வந்தது, நிறைய மீனோடு. சம்மாட்டி துள்ளுகிற மீனைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "எங்கட பாட்டு மீனுக்குப் பிடிக்கேல்லை எண்டு இண்டைக்குத்தானே தெரியுது."

கடல் காற்று

அன்று பின்னேரம் கொழும்பு ஆட்கள் தங்கியிருந்த விடுதியில் எல்லாரும் சுற்றியிருந்து நாடாவைப் போட்டுக் கேட்டோம். காகம் இல்லை, பஸ் இல்லை, பாட்டு இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் காற்று மட்டும்தான். கரையில் நின்ற எங்களுக்கு உறைக்காத காற்று மைக்குக்குள் புகுந்து ஊளையிட்டிருந்தது. அக்காவின் வசனத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு சொல் தலைகாட்டிவிட்டு மறைந்தது. உள்ளே எடுத்த காட்சிகளில் ஜெனரேட்டர். அக்கா கடைசிவரைக்கும் கேட்டார். எல்லாரையும் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தோ என்னவோ, கொழும்பிலிருந்து வந்த ஒலிப்பதிவாளர் சொன்னார்: "அக்கா, இதில காத்துத்தான் நல்லா நடிச்சிருக்கு."

தாடியும் அடையாள அட்டையும்

ஆக, இரண்டாவது வழி. டப்பிங் நாள் குறித்துக் கடைத் தொலைபேசிக்குச் சேதி வந்தது. அன்று பகல் முழுக்கக் கலையகம் எங்களுக்கு, காலையில் தொடங்குவார்கள் என்று இயக்குநர் சொன்னார். சேதி வந்த கையோடு பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் அக்கா தைத்த துணியை வைத்துவிட்டு பஸ் நிலையம் வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். குறித்த நாளன்று விடியத்தான் பாதை திறந்தது. எனக்கும் அக்காவுக்கும் முதல் பஸ்ஸில் இடம் கிடைத்தது. பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால்கூட ஏதாவது மிஞ்சும் என்ற நம்பிக்கையில் ஏறினோம்.

என் முகத்தில் அப்போது தாடி. இது தொழில் இரகசியம். தாடியோடு கதவுக்குள் நுழைந்த மகன் அடுத்த காட்சியில் தாடியில்லாமல் வெளியே வர ஏலாது. எனக்குக் கடைசிக் காட்சி ஒன்று கொழும்பில் மிஞ்சியிருந்தது. அது முடியும் வரைக்கும் சவரக்கத்தியைத் தொடக்கூடாது என்பது இயக்குநரின் கட்டளை. அடையாள அட்டையில் இருந்தவனோ முகம் வழித்த பள்ளிக்கூடப் பெடியன். கந்தளாய்க்குக் கிட்ட ஒரு தடைமுகாமில் எல்லாரையும் இறக்கினார்கள். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், தாடியைப் பார்த்தான், என்னைத் தனியே நிறுத்தினான். நாடகத்துக்கு வளர்த்த தாடி என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். எவன் நம்புவான்?

அக்கா வரிசையை விட்டு நேரே வந்தார். "நாடகம், நாடகம்" என்று என்னையும் தன்னையும் காட்டினார். நடித்துக் காட்டு என்று சைகை செய்தான் சிப்பாய். பகிடிக்குத்தான் கேட்டிருப்பான். அக்கா கைப்பையைக் கீழே வைத்தார். நடுறோட்டில், வெயிலில், வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால், மகனைத் தேடிக் களைத்த தாயின் காட்சியை எடுத்தார். நாடகம்தான் என்பது எனக்கே மறந்துபோயிற்று. ஒரு கட்டத்தில் என் சட்டையைப் பிடித்து உலுப்பி, "எங்கயடா இருந்தனீ இவ்வளவு நாளும்?" என்று கேட்டபோது பஸ்ஸில் வந்த ஒரு பெண் விம்மினாள். இந்த இடத்தில் எனக்கு ஒரு வசனம் உண்டு. வாய் திறந்தேன், வரவில்லை. திறந்த வாயோடு அப்படியே நின்றேன். சிப்பாய் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டான். அக்காவைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு என் பக்கம் திரும்பித் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்: "அம்மா நடிக்கிறது, சரி. நீ என்ன செய்றது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"என்ட மகன்" என்று சொல்லித்தான் அக்கா என்னை மீட்டு பஸ்ஸில் ஏற்றினார். நினைத்தபடி பின்னேரத்துக்குள் சேர முடியவில்லை. பொழுது சாயத்தான் கொழும்பில் இறங்கினோம். கலையகத்துக்கு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால், உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதில் கருவி மாட்டிய ஒரு மெலிந்த பெண் புஷ்பம் அக்காவாகக் கதைத்துக்கொண்டிருந்தாள். திரையில் அக்காவின் வாய் அசைந்தது. அந்தப் பெண் அதையே கண்வெட்டாமல் பார்த்து, அதே இடத்தில் மூச்சு வாங்கி, அதே இடத்தில் தழுதழுத்தாள். நான் இவ்வளவு காலமும் அவளை மனதுக்குள் திட்டி வந்தவன். வேலையைப் பார்த்த பிறகு திட்ட வரவில்லை. அவளும் எங்களைப் போல ஒரு உலைச்சல்காரிதான்.

நாங்கள் வரமாட்டோம் என்று நினைத்து இயக்குநர் காலையிலிருந்து அவளைக் கொண்டு முக்கால்வாசி முடித்திருந்தார். அவர் தலையில் கைவைத்தார். அக்கா வாசலில் நின்றபடி, "பாதை பூட்டிக் கிடந்தது சேர், இண்டைக்கு விடியத்தான் திறந்தவங்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இயக்குநருக்கு முன்னால் திறந்து கிடந்த மைக் வழியாக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது. எழும்பினாள். காதுக் கருவியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்து அக்காவிடம் நீட்டினாள். "அக்கா, உங்கட வாயை எத்தினையோ நாளாப் பார்த்துக்கொண்டு இருக்கிறன். உங்கட குரலை இண்டைக்குத்தான் கேக்கிறன்."

எந்தக் காட்சி?

அடுத்த நிகழ்ச்சிக்காரர் அதற்குள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். இன்னொரு நாள் கிடைக்காது என்று கலையகத்தார் சொன்னார்கள். அவர்களிடம் கெஞ்சிக் கேட்டு இயக்குநர் கொஞ்ச நேரம் வாங்கினார். ஒரு காட்சிக்குப் போதும், அதற்கு மேல் ஏலாது. "கடற்கரைக் காட்சியைப் போடுங்கோ அக்கா" என்றார் அவர். நானும் அதைத்தான் சொன்னேன். அந்த வருடம் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுக்கப் போகிற காட்சி அதுதான் என்று யாருக்கும் தெரியும். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, குசினிக் காட்சியைக் கேட்டார்.

நாங்கள் மூன்று பேரும் திகைத்தோம். குசினிக் காட்சி என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவில்லை. அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று புருஷனைக் கூப்பிடுகிற துண்டுக் காட்சி. முதுகுதான் தெரியும். முகம்கூட வராது. "யோசிச்சுச் சொல்லுங்கோ அக்கா, அதில நீங்கள் யாரெண்டே சனத்துக்குத் தெரியாது" என்றார் இயக்குநர். "எனக்குத் தெரியும் சேர், போடுங்கோ" என்று உள்ளே போனார். ஒரே தரத்தில் முடித்தார். அவருடைய வேலையில் அதைவிடச் சின்னதும் இல்லை, அதைவிடச் சுத்தமானதும் இல்லை.

என் கடைசிக் காட்சியையும் முடித்து, தாடியை வழித்துவிட்டுத் திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு மனம் ஆறவில்லை. இவ்வளவு பாடுபட்டு வந்து, கடைசியில் முதுகுக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போகிறோமே என்று புறுபுறுத்துக்கொண்டே வந்தேன். அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை எனக்காக நல்லாத்தானே அழுதிருக்கிறா. அந்த அழுகையை என்ட மனிசனுக்கு எப்பிடித் தெரியும் தம்பி? கண் போன நாளில இருந்து நான் அவருக்குக் கேக்க அழுறேல்லை."

குசினிக் காட்சி

"குரல் போட்டனீயோ?" என்று பீற்றர் அண்ணை கேட்டாராம். "ஓம், கொஞ்சம்" என்று மட்டும் அக்கா சொன்னாராம். எந்த இடம் என்று சொல்லவில்லை. நாடகம் தொடங்கியது. கிழமைக்குக் கிழமை பற்றரி இரவல் வாங்கி, கிழமைக்குக் கிழமை கொழும்புப் பெண்ணின் குரலைக் கேட்டோம். கடற்கரைக் காட்சியில் அயலட்டை முழுவதும் மூக்கைச் சிந்தியது. பீற்றர் அண்ணை ஒவ்வொரு கிழமையும் வெள்ளைச் சட்டை போட்டு அதே கதிரையில் உட்கார்ந்தார், முடிந்ததும் ஒன்றும் கேட்காமல் எழும்பினார். வரவரச் சாய்ந்து இருக்கத் தொடங்கினார். சில நாள் கதை பாதியில் நிற்கக் கண்ணயர்ந்தும் விடுவார்.

குசினிக் காட்சி வந்த கிழமை வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சான் திசையில் வெடிச்சத்தம் கேட்டபடி இருந்தது. ஆட்கள் குறைவு. நான், பக்கத்து வீட்டுச் சகோதரிகள் இரண்டு பேர், அவ்வளவுதான். அக்கா கதிரைக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. அண்ணையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் ஒரு முதுகு அடுப்புக்கு முன்னால் நின்று அகப்பையால் சட்டியைத் தட்டியது. பிறகு குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ... சோறு ஆறுது. எத்தினை தரம் கூப்பிடுறது?"

பீற்றர் அண்ணை, "வாறன், வாறன்" என்று சொல்லிக்கொண்டு கதிரையை விட்டு எழும்பினார். சாரத்தை இறுக்கினார். சுவரைத் தடவிக்கொண்டு குசினிப் பக்கம் நடக்கத் தொடங்கினார். நாடகத்தில் அந்தப் புருஷன் இன்னும் எழும்பவில்லை, இவர் குசினி வாசலைப் பிடித்துவிட்டார். அக்கா பாயிலிருந்து எழும்பிப் போய் அவர் கையைப் பிடித்து, "இஞ்ச நிக்கிறன். அது ரீவி" என்றார்.

அண்ணை அசையாமல் நின்றார். முன்னறையில் பெட்டிக்குள் அக்கா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் நின்ற அக்கா அழுதுகொண்டிருந்தார். இந்தத் தரம் சத்தமாக, அவருக்குக் கேட்கும்படி. எனக்கும் கண்ணீர் ஓடியது, வெட்கப்படவில்லை. அண்ணை காட்சி முடியும் வரைக்கும் அப்படியே நின்று கேட்டார். முடிந்த பிறகும் அக்காவின் கையை விடவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பை வைத்துக்கொண்டு, குரலில் மட்டும் கோபத்தை வரவழைத்துச் சொன்னார்: "இதுக்கு ஏன் கொழும்புக்குப் போனனீ? வீட்டிலயும் இப்பிடித்தானே கத்துறனீ."

எத்தனையோ நாடகங்களில் நடித்துவிட்டேன், ஆனால் எங்கள் நடிப்பைக் கேட்டு ஒரு மனிதன் கதிரையை விட்டு எழும்பியதை அந்த ஒரு தரம்தான் கண்டேன், மற்ற நாளெல்லாம் சனம் எழும்பியது பெட்டியை நிற்பாட்டத்தான்.